மேக்ஸ்குவான்ட்: புரத ஆய்வுக்கு இன்னும் நான் முதலில் சொல்வது

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) கொடுத்த கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் என்னென்ன புரதம், எவ்வளவு இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது மேக்ஸ்குவான்ட் என்ற மென்பொருளைத்தான். மியூனிக் பக்கத்தில் மார்ட்டின்ஸ்ரீட்டில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்தில் யூர்கன் காக்ஸும் மத்தியாஸ் மன்னும் உருவாக்கி 2008-இல் அறிமுகப்படுத்தியது. இலவசம்.

இதன் பலமே அளவிடும் விதம்தான். ஒரு ஓட்டத்தில் (ஒரு மாதிரியைக் கருவியில் ஒருமுறை அளப்பது) அடையாளம் கண்ட பெப்டைடு, அதாவது புரதத்தின் சிறு துண்டு, இன்னொன்றில் தவறிப்போனால், அதன் நிறையையும் பிரிக்கும் குழாயிலிருந்து வெளிவந்த நேரத்தையும் வைத்துத் தேடிப் பொருத்திவிடும், ஆனால் ஒரே மாதிரியான மாதிரிகளுக்கு மட்டும் அதை நம்புங்கள், ரத்தத்தையும் ஈஸ்ட்டையும் சேர்த்துப் போட்டால் இல்லாத புரதமும் இருப்பதாகக் காட்டும். புரதங்களின் அமினோ அமில வரிசையைத் தலைகீழாகத் திருப்பிய போலி வரிசைகளையும் சேர்த்துத் தேடி, தவறான அடையாளங்களை 1 சதவீதத்துக்குள் நிறுத்த முயல்வதும் நல்ல ஏற்பாடு.

வேகம்தான் குறை. பெரிய தொகுப்பு என்றால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்எஸ்ஃபிராகர் என்ற தேடல் மென்பொருள் பல மடங்கு வேகம், புரதங்களில் ஏற்பட்ட எதிர்பாராத வேதி மாற்றங்களைத் தேடவும் அதுதான் சரி. டிஐஏ தரவா (பெப்டைடுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்காமல், ஒரு நிறை வரம்பில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்து உடைத்து அளந்தது), டிஐஏ-என்என் என்ற மென்பொருள் பக்கம் போங்கள்.

அப்புறம், முடிவு அட்டவணையைத் திறந்ததும் போலி வரிசைகளையும் மாசு எனக் குறித்தவற்றையும் முதலில் நீக்குங்கள். தோலிலிருந்து உதிர்ந்த கெரட்டின் அங்கே எப்போதும் இருக்கும்.