கொல்கத்தா டிராம்: நெடுநாள் பயணியின் கணக்கு

கொல்கத்தாவில் வளர்ந்த எனக்குப் பள்ளிக்கும் பிறகு வேலைக்கும் டிராம்தான். அதை ஆமை என்று திட்டுகிறவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடுதான் உண்டு.

எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூர் போன தடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1902-ல் முதல் மின்சார டிராம் ஓடியது அங்கேதான். மைதானம் என்ற பெரிய திறந்த புல்வெளியில் தண்டவாளம் தனியாகப் போகும். குறுக்கே யாரும் வரமாட்டார்கள். அந்த இடத்தில் ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பினால் வண்டி பறக்கும். ஜன்னல் சட்டங்கள் கடகடக்கும், காற்று முகத்தில் அறையும். அதே வண்டி நெரிசலான சாலைக்குள் நுழைந்ததும் ஒரு தள்ளுவண்டிக்காரருக்காக மணியடித்துக்கொண்டு நிற்கும். விலகிப் போக அதற்கு வழியில்லை. ராஷ்பிஹாரி அவென்யூவிலும் ஒரு காலத்தில் நடுவே புல்தரைத் தடம் இருந்தது. அதைச் சமப்படுத்திக் கார்களுக்குத் திறந்துவிட்டு, பிறகு டிராம் மந்தம் என்றால் எப்படி?

அப்போது இரண்டு பெட்டிகள் இருக்கும். முன்பெட்டி முதல் வகுப்பு: மின்விசிறி உண்டு, கட்டணம் சற்றுக் கூடுதல். அப்பா எப்போதும் பின்பெட்டியில்தான் ஏற்றுவார். மே மாதத்தில் அது கொடுமை. மற்ற மாதங்களில் குறையொன்றும் இல்லை.

சிறுவயதில் நான் காத்திருந்தது கோளாறுக்காக! மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கூரைக் கம்பம், வளைவில் அந்தக் கம்பியை விட்டு நழுவும். விளக்கு அணையும், முன்பெட்டியில் விசிறி நிற்கும். நடத்துநர் இறங்கி, தொங்கும் கயிற்றைப் பிடித்து, அண்ணாந்து பார்த்தபடி கம்பத்தை மீண்டும் கம்பியில் பொருத்துவார். நீலப்பொறி ஒன்று தெறிக்கும், வண்டி உயிர்பெறும். மின்சாரம் திரும்பிப் போகத் தண்டவாளம் இருப்பதால் டிராமுக்கு ஒரு கம்பம் போதும். 1962 முதல் 1971 வரை பம்பாயில் இதேபோல மேல்கம்பி மின்சாரத்தில் ஓடிய டிராலி பஸ்ஸுக்கு ரப்பர் சக்கரம், அதனால் இரண்டு கம்பங்கள். ஆனால் அது தள்ளுவண்டியைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

குறைகள்? படிக்கட்டு உயரம், முதியவர்களுக்குச் சிரமம். நடுச்சாலையில் இறங்கும்போது பின்னால் வரும் டாக்ஸியைப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். மழைநீர் தேங்கினால் சேவை நின்றுவிடும்.

1993-ல் ஹவுரா பாலத்தில் டிராம் சேவை நிறுத்தப்பட்டது. பிறகு தடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. எஸ்பிளனேடு–மைதானம் தடத்தை மட்டும் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொள்ளப்போவதாக 2024-ல் மாநில அரசு அறிவித்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது போதும். அலுவலகத்துக்குப் போகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.