அம்மாட கால் பெருவிரல் எலும்பு ஒப்பரேஷன், மட்டக்களப்பில செஞ்சது எப்படி

அம்மாட வலது கால் பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சரிஞ்சு, அடியில எலும்பு புடைச்சுக்கொண்டு கனகாலமா இருந்த, பிறகு ரெண்டாவது விரல் மேல ஏறத் தொடங்கி செருப்பு உரசிப் புண்ணாகி, கல்லடியில பஸ்ஸுக்கு நடக்கிறதே பெரும்பாடாப் போச்சு. அதாலதான் டவுன்ல பிரைவேட்டா பாக்கிற எலும்பு டொக்டர்ட்ட காட்டின நாங்க.

மனுசன் எடுத்த உடன கத்தி எண்டு சொல்லல்ல, அது எனக்கு சரியாப் புடிச்சுது. நிக்க வச்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், பாரம் விழுந்தாத்தான் எலும்பு உண்மையா எவ்வளவு சரிஞ்சிருக்கு எண்டு தெரியுமாம். பெருவிரல் 15 பாகை வரைக்கும் சரிஞ்சிருந்தா சாதாரணம், அம்மாக்கு 30ஐயும் தாண்டிட்டு. புடைச்சதை மட்டும் சீவினா திரும்பி வரும், விரலுக்குப் பின்னால இருக்கிற நீட்டு எலும்பே மற்றக் கால் பக்கமா விலகினதாலதான் இது வாறது, அதை வெட்டி நகர்த்தி ஸ்க்ரூ போடணும் எண்டு படத்தைக் காட்டியே விளங்கப்படுத்தினார். ஒன்லைன்ல விக்கிற விரல் பட்டியளையும் கேட்டன், போட்டிருக்கிற நேரம் கொஞ்சம் சுகமா இருக்கும், எலும்பை நிமித்தாது எண்டார்.

ஒப்பரேஷன் பெரிய கஷ்டமில்ல, கணுக்கால்ல விறைக்கிற ஊசிதான். கஷ்டம் பிறகுதான் கா! முதல் ரெண்டு கிழமை காலைத் தலகணி வச்சு உசத்தியே வச்சிருக்கணும், எலும்பு ஒட்ட 6 கிழமை போல எடுக்கும், அதுவரைக்கும் குதிக்காலால ஊண்டி நடக்கிற ஸ்பெஷல் சப்பாத்து, வீக்கம் வத்த மாசக்கணக்கு. வீட்டுல குந்துற கக்கூஸ் எண்டா கொமட் கதிரை ஒண்டை முதலே ஏற்பாடு பண்ணுங்க, சீனி வருத்தம் இருந்தா அதையும் முதலே கட்டுப்படுத்துங்க. இங்க மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா கிட்ட வாற நேரமெண்டா தள்ளிப் போடுங்க, வெறுங்காலோட சுடுமண்ணுல நடக்கவே ஏலாது.

குறை ஒண்டு இருக்கு. அந்த சப்பாத்துக்கு வேற காசு எண்டு கவுண்டர்ல கடைசி நேரம்தான் சொன்னாங்க, டிரெஸ்ஸிங் மாத்தப் போற நாளெல்லாம் வயசான ஆக்களைக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேரக்கணக்கா இருக்க வைக்கிறதும் சரியில்ல. காசு கஷ்டமெண்டா அரசாங்க ஆஸ்பத்திரி எலும்பு கிளினிக்குல காட்டுங்க, ஒப்பரேஷனுக்கு காசில்ல.

இப்ப அம்மா நோவில்லாம சந்தைக்குப் போய் வாறா. பெருவிரல் கொஞ்சம் விறைப்பா இருக்கு, முந்தின மாதிரி மடங்காது. இடது காலிலயும் சின்னதா இருக்கு, நோகாததால அதைத் தொட வேணாம், முன்பக்கம் அகலமான செருப்பு போட்டாக் காணும் எண்டு டொக்டர் சொல்லிட்டார்.