கணிதத்தை ஆன்லைனில் எடுக்கப்போகும் பேராசிரியருக்கு: பேனா டேப்லெட் முதல் ஸ்டாக் வினா மென்பொருள் வரை ஒரு மதிப்பீடு

ஆன்லைன் வகுப்புக்கென்று ஆசிரியர்களுக்கு நடத்தப்படும் எஃப்டிபி என்ற பயிற்சி முகாம்களில் மீட்டிங் லிங்க் போடுவது, ஸ்லைடு செய்வது, வருகைப்பதிவு எடுப்பது ஆகியவற்றுக்கே நேரம் போய்விடுகிறது. வணிகவியலுக்கு அது போதுமாக இருக்கலாம். கணிதத்துக்குப் போதாது. ஒரு நிரூபணத்தை ஸ்லைடில் மொத்தமாகக் காட்டினால் மாணவர் அதை வாசித்துவிட்டுப் போவார். நான்காவது வரி மூன்றாவதிலிருந்து எப்படி வந்தது என்று நின்று பார்க்க மாட்டார். கரும்பலகையில் ஆசிரியர் எழுதும் வேகம்தான் அவரை நிறுத்தி வைத்தது. ஆகவே நாகர்கோவில், மார்த்தாண்டம், குழித்துறை வட்டாரக் கல்லூரிகளின் கணிதத் துறைகளை மனதில் வைத்து இங்கே பார்க்கும் ஒவ்வொரு கருவிக்கும் அளவுகோல் ஒன்றுதான்: ஆசிரியர் எழுதும் வரி மாணவரின் போனில் வாசிக்கும்படி போய்ச் சேருகிறதா, மாணவர் எழுதும் வரி ஆசிரியரிடம் திரும்பி வருகிறதா.

முதலில் வாங்க வேண்டியது பேனா டேப்லெட், அதாவது கணினியில் செருகிப் பேனாவால் எழுதும் திரையில்லாப் பலகை. வெப்கேமும் ரிங் லைட்டும் அப்புறம்.

ஆரம்ப விலையில் பலரும் பார்ப்பது இரண்டு மாடல்கள்: 'ஒன் பை வாக்கம்' சிறியது (சிடிஎல்-472), ஹூயான் ஹெச்640பி. எழுதும் பரப்பு முதலாவதில் 152×95 மி.மீ., இரண்டாவதில் 160×100 மி.மீ. இரண்டிலும் பேனாவுக்கு பேட்டரி வேண்டாம். வாக்கத்தில் 2048 அழுத்த நிலைகள், ஹூயானில் 8192 என்று பெட்டியில் போட்டிருக்கும். ஓவியருக்கு அது முக்கியம். சிக்மாவும் இன்டக்ரலும் எழுதுபவர் அந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டாம். பார்க்க வேண்டியது வேறு. ஹூயானில் பக்கவாட்டில் ஆறு பொத்தான்கள் உண்டு. அன்டூ, அழிப்பான், அடுத்த பக்கம் ஆகிய மூன்றை அவற்றில் அமைத்துவிட்டால் கீபோர்டைத் தேட வேண்டியதில்லை. வாக்கத்தின் இந்த மாடலில் பேனாவிலுள்ள இரண்டு பொத்தான்கள் மட்டுமே. ஆனால் லினக்ஸ் போட்ட ஆய்வகக் கணினியில் செருகியதும் வேலை செய்வது வாக்கம். டிரைவர் தேடி அலைய நேரமில்லாத துறைக்கு அதுவே பெரிய வசதி.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது ஆண்டு கரும்பலகையில் எழுதியவரின் கை தோளிலிருந்து அசையும். சிறிய டேப்லெட் மணிக்கட்டை மட்டும் அசைக்கச் சொல்லும். அவருக்கு 216×135 மி.மீ. பரப்புள்ள நடுத்தர மாடல் (சிடிஎல்-672) பொருந்தும். கூடுதல் விலை வீண் போகாது. நோட்டில் பொடி எழுத்து எழுதிப் பழகிய இளையவருக்குச் சிறியதே தாராளம்.

செருகியவுடன் எழுதிப் பார்த்து 'என் கையெழுத்தே இல்லை' என்று மூடி வைப்பவர்கள் அநேகம். பாதிக் குற்றம் அமைப்பில் இருக்கிறது. 1366×768 திரையில் சிடிஎல்-472-ஐ அப்படியே முழுத் திரைக்கும் பொருத்தினால் கிடைவாக்கில் ஒரு மி.மீ.க்கு சுமார் 9 பிக்சல், செங்குத்தாக 8 பிக்சல் நகரும். வட்டம் போட்டால் அகலம் 11 சதவீதம் கூடி நீள்வட்டமாக வரும். டிரைவரின் மேப்பிங் பகுதியில் விகிதத்தைக் காக்கும் தெரிவை டிக் செய்தால் டேப்லெட்டின் அடியில் ஒரு சென்டிமீட்டர் அளவு பயன்படாமல் போகும், வட்டம் வட்டமாக வரும். புரொஜெக்டரோ இரண்டாவது திரையோ இணைத்திருந்தால் டேப்லெட் இரண்டுக்கும் சேர்த்து விரிந்துவிடும்; ஒரு திரையை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸில் பேனாவை வைத்ததும் ஒரு வட்டம் சுழன்று, கோட்டின் தொடக்கம் நேராக இழுபட்டால், அது அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆகும் அமைப்பின் வேலை. கன்ட்ரோல் பேனலில் 'பென் அண்ட் டச்' பகுதிக்குப் போய் அதை அணைக்கலாம்.

மீதிப் பாதி பயிற்சி. கை மேசையில், கண் திரையில். கையைப் பார்க்கவே கூடாது. வாக்கியம் எழுதிப் பழகுவதால் பயனில்லை. அடைப்புக்குறி ஜோடிகள், பின்னக்கோடு, மேலும் கீழும் எல்லை போட்ட இன்டக்ரல், கிரேக்க எழுத்துகளில் ஸை, ஸீட்டா, 3×3 அணி – இவற்றை ஒரு வாரம் தினம் இருபது நிமிடம் எழுதினால் பெரும்பாலோருக்குக் கை படிந்துவிடும். ஐந்து நாள் எஃப்டிபி நடத்துபவர்கள் முதல் நாளிலேயே டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, பேச்சுகளைக் கடைசி நாளுக்குத் தள்ளலாம். இப்போது நடப்பது நேர் எதிர்.

எழுதுவதற்கான மென்பொருள் ஸோர்னல்++. இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், பிடிஎஃப்மேல் எழுதலாம், வரைபடத்தாள் பின்னணி உண்டு. தொடுதிரைப் பேனல் இருக்கும் கல்லூரிக்கு ஓபன்போர்டு என்ற வெண்பலகை மென்பொருள் நன்றாகப் பொருந்தும். டேப்லெட்டுக்கு ஸோர்னல்++ எளிது. பக்க அளவை ஏ4 நெடுவாக்கில் விட்டுவிடுவது பொதுவான பிழை. பக்கம் திரையில் பாதிதான் தெரியும், ஸ்க்ரோல் செய்து செய்து மாணவருக்குத் தலை சுற்றும். 32×18 செ.மீ. என்று அகலவாக்கில் வைத்தால் ஒரு பக்கம் ஒரு திரை.

எழுத்தளவை ஆசிரியரின் திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 15.6 அங்குல மடிக்கணினியின் திரை அகலம் ஏறக்குறைய 34.5 செ.மீ. அதே படம் 6.5 அங்குல போனைக் கிடையாகப் பிடித்தால் 12 செ.மீ., நேராகப் பிடித்தால் 7 செ.மீ.க்கும் குறைவு. ஒரு செ.மீ. உயர எழுத்து முறையே மூன்றரை மி.மீ., இரண்டு மி.மீ. ஆகிவிடும். கீழ்க்குறியாக எழுதிய ஐ, ஜே இரண்டையும் யாரும் பிரித்தறிய முடியாது. டென்சாரும் இரட்டைக் கூட்டலும் எடுப்பவருக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்கு எட்டு வரிக்கு மேல் வேண்டாம்.

அழிப்பானில் மூன்று வகை இருக்கிறது. வெள்ளை பூசும் வகையை எடுத்தால் கோடு போட்ட தாளில் கோடும் சேர்ந்து மறையும். கோட்டை மொத்தமாக நீக்கும் வகையே கணிதத்துக்கு உகந்தது. தானாகச் சேமிக்கும் இடைவெளியையும் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தோடு ஒலியையும் சேர்த்துப் பதியும் வசதி ஒன்று உண்டு, கேட்க அழகாக இருக்கும். மாணவரிடமும் அதே மென்பொருள் கணினியில் இருந்தால்தான் திறக்கும் என்பதால் போனில் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவாது.

டேப்லெட் கைக்கு ஒத்தே வராதவருக்குக் குறுக்குவழி தேட வேண்டாம்: தாள், பேனா, மேலிருந்து பார்க்கும் போன் ஸ்டாண்டு. ஜெல் பேனா 0.7-க்குக் குறையாமல் இருக்கட்டும். வெளிச்சம் இரு பக்கமிருந்தும் வர வேண்டும், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் கையின் நிழல் எழுதும் இடத்திலேயே விழும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கை அசையும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். தரத்தில் இது டேப்லெட்டுக்கு அடுத்த இடம்தான், ஆனால் சங்கடத்தோடு டேப்லெட்டில் எழுதுவதைவிட மேல்.

பாடத்தை வீடியோவாகப் பதிய ஓபிஎஸ் ஸ்டுடியோ. இலவசம், ஆனால் முதன்முறை திறப்பவரை மிரட்டும் திரை. மூன்று அமைப்புகளை மட்டும் மாற்றினால் போதும். ஒன்று, கோப்பு வகையை எம்கேவியில் வைக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்கும் இரண்டும் நனைக்கும் மாவட்டம் இது. மேசைக் கணினியில் பதியும்போது கரண்ட் போனால் சாதாரண எம்பி4 கோப்பு மொத்தமாகத் திறக்காமல் போகலாம், ஏனெனில் அதன் அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. எம்கேவியில் அதுவரை பதிந்தது மிஞ்சும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே 'ரீமக்ஸ்' கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். இரண்டு, 1280×720, நொடிக்கு 15 ஃப்ரேம், வீடியோ 500 கேபிபிஎஸ், ஒலி 64 கேபிபிஎஸ். எழுத்து மட்டும் நகரும் திரைக்கு இது போதும். இருபது நிமிடப் பாடம் சுமார் 85 எம்பியில் அடங்கும். வீடியோவை 2500 கேபிபிஎஸ்ஸில் பதிந்தால் அதே பாடம் 400 எம்பியைத் தொடும். பேச்சிப்பாறை, கடையால் பக்கம் மலையோரத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் இருந்து படிக்கும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பெரிது. மூன்று, ஒலியில் இரைச்சல் குறைக்கும் ஃபில்டர். ஷீட் கூரையில் மழை விழும் சத்தத்தை அது முழுவதும் போக்காது, காலர் மைக்கோடு சேர்ந்தால் சமாளிக்கும்.

நேரலை எடுப்பவர் ஜூமில் 'வீடியோ கிளிப்புக்கு உகந்தவாறு' பகிரும் தெரிவை அணைத்தே வைக்கட்டும். அது அசைவைச் சீராக்க எழுத்தின் கூர்மையைக் குறைக்கும். ஃபைபர் மோடத்துக்கு மினி யுபிஎஸ் வாங்குவதானால் மோடத்தின் அடாப்டரில் உள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலானவை 12 வோல்ட், ஆனால் ஆம்பியர் மாறும். குறைவாகக் கொடுக்கும் யுபிஎஸ் போட்டால் மோடம் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும்.

கருவியில் வராத ஒன்று, குரல். 'ஒன் பை எக்ஸ் பிளஸ் ஒன்' என்று வாயால் சொன்னால் கூட்டல் பின்னக்கோட்டுக்குக் கீழேயா வெளியேயா? வகுப்பறையில் விரல் காட்டும், ஆன்லைனில் திரை ஒரு நொடி உறைந்தால் குரல் மட்டுமே மிஞ்சும். 'ஒன் பை, அடைப்புக்குள் எக்ஸ் பிளஸ் ஒன்' என்று சொல்லிப் பழக வேண்டும். 'எக்ஸ் என்' என்பதும் அப்படியே: மேலேயா, அடியிலா என்று சொல்லிவிட வேண்டும். இதை ஒருவர் கண்ணை மூடிக் கேட்டு எழுத, இன்னொருவர் வாசிக்கும் ஜோடிப் பயிற்சியாக அரை மணி நேரம் செய்தாலே எத்தனை இடத்தில் சறுக்குகிறோம் என்று தெரிந்துவிடும்.

வரைபடங்களை அசைத்துக் காட்டும் ஜியோஜீப்ரா மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போனிலும் ஓடும், ஸ்லைடர் வைத்து எப்சிலான்-டெல்டாவைக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் இதற்கும், கணிதத்தைத் தட்டச்சு செய்யும் லாடெக்குக்கும், ஆன்லைன் வகுப்புத் தளமான மூடுலுக்கும் சிறு சிறு பாட வீடியோக்கள் இலவசமாக இருக்கின்றன. தமிழ் ஒலியிலும் பல உண்டு. பார்த்துக்கொண்டே பக்கத்தில் செய்து பழகும்படி அமைத்தவை. சில வீடியோக்கள் பழைய பதிப்பைக் காட்டுவதால் மெனு இடம் மாறியிருக்கும். அது ஒன்றுதான் குறை.

மாணவரிடமிருந்து வரி திரும்பி வரும் பக்கம்தான் பெரும்பாலான ஏற்பாடுகளில் வெறுமையாக இருக்கிறது. கூகுள் ஃபார்மில் சமன்பாடு எழுத வழியில்லை. படமாக ஒட்ட வேண்டும், கொள்குறி வினா என்றால் குழுவில் விடை ஐந்து நிமிடத்தில் சுற்றிவிடும். மூடுலில் சேர்க்கும் ஸ்டாக் வினா வகை இந்த இடத்தை நிரப்புகிறது. கிறிஸ் சாங்வின் உருவாக்கியது, இலவசம், உள்ளே மேக்ஸிமா என்ற கணினி இயற்கணித மென்பொருள் வேலை செய்கிறது. மாணவர் கோவையையே தட்டச்சு செய்கிறார். விடையின் வடிவம் வேறாக இருந்தாலும் சமானமா என்று அது பார்க்கிறது. தொகையிடலில் மாறிலி சேர்க்க மறந்தால் அதைச் சுட்டிக்காட்டும் சோதனை தனியாக உண்டு. ஆளுக்கொரு எண் வரும்படி வினாவை அமைக்கலாம்.

ஆனால் வினா அமைப்பவர் கவனிக்காவிட்டால் இதுவே கேலிக்கூத்தாகும். 'காரணிப்படுத்துக' என்ற வினாவுக்கு இயற்கணிதச் சமானம் மட்டும் பார்க்கும்படி விட்டால், வினாவிலிருந்த கோவையையே திரும்ப அடித்த மாணவருக்கும் முழு மதிப்பெண். அங்கே காரணி வடிவத்தைப் பார்க்கும் சோதனை வேண்டும். தொகையிடல் வினாவில் மேக்ஸிமாவின் தொகையிடும் கட்டளையைத் தடைச்சொல் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஐகன் மதிப்பு கேட்டு அணியின் உறுப்புகளைக் கண்டபடி மாற விட்டால் பாதிப் பேருக்கு வர்க்கமூலம் வந்து நிற்கும். விடையிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்: 2, 5 என்று மதிப்புகளை எடுத்து மூலைவிட்ட அணியாக வைத்து, அதன் இடப்பக்கம் அணிக்கோவை 1 உள்ள முழு எண் அணியையும் வலப்பக்கம் அந்த அணியின் நேர்மாறையும் பெருக்கினால் முழு எண் அணியே கிடைக்கும். இடப்பக்கம் (1, 1), (1, 2) என்ற நிரைகள் உள்ள அணியை வைத்தால் (−1, 3), (−6, 8) வரும். சுவடு 7, அணிக்கோவை 10, சரி.

மாணவர் பக்கத்துச் சிக்கல் தட்டச்சு. இரண்டு எக்ஸ் என்றால் நடுவில் பெருக்கல் குறி போட வேண்டும். போன் கீபோர்டில் அதுவும் அடுக்குக்குறியும் இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும். பெருக்கல் குறியைத் தானே செருகும் தெரிவை இயக்கி, மதிப்பெண் இல்லாத பழகு வினா ஒன்றை முதல் வாரமே கொடுத்துவிட வேண்டும். நிர்வாகப் பக்கத்திலும் ஒரு தடை: சர்வரில் மேக்ஸிமா நிறுவ வேண்டும் என்பதால் கல்லூரி இணையதளம் இருக்கும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங் பெரும்பாலும் ஒத்துவராது. தனி சர்வர் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு கல்லூரிக்குக் கனமென்றால் அக்கம்பக்கத்து இரண்டு மூன்று துறைகள் சேர்ந்து ஒன்றை வைத்து வினா வங்கியைப் பகிரலாம். தன்னாட்சி பெறாத கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடையதே என்பதால் அது வீண்வேலையும் ஆகாது.

நிரூபணத்தை ஸ்டாக் திருத்தாது. செமஸ்டர் தேர்வும் கையால்தான் எழுத வேண்டும். ஆகவே எழுதிய தாள் வந்தே ஆக வேண்டும்: ஸ்கேன் செயலியில் எடுத்த ஒரே பிடிஎஃப், கோப்புப் பெயரில் பதிவெண், தாள்கள் நேராக. இவற்றை முதல் அசைன்மென்டிலேயே கறாராகக் கேட்டால் அறுபது பேர் தாளை ஸோர்னல்++-ல் திறந்து சிவப்பில் திருத்தித் திருப்பி அனுப்புவது ஒரு மாலை வேலையில் முடியும். வாட்ஸாப்பில் தனித்தனிப் படமாக வாங்கினால் அடுக்கிச் சேர்ப்பதற்கே அந்த மாலை போய்விடும்.