வண்டித்தட ரெக்கார்டு எடுக்க எந்த வழி நல்லது: ஆன்லைனா, பத்திர ஆபீஸா, தாலுகா ஆபீஸா, ஆர்டிஐயா?

எங்க காட்டுக்குப் போற வண்டித்தடத்த பக்கத்துக் காட்டுக்காரர் போன வருசம் கம்பிவேலி போட்டு அடைச்சுட்டாருங்க. கேட்டா "இது என் பட்டா பூமி, இங்க தடமே கெடையாது"ன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. எங்க தாத்தா காலத்துல இருந்து மாட்டுவண்டி போன தடம்னு வாயில சொன்னா ஆச்சா, காகிதம் வேணும்ல. அந்தக் காகிதத்தத் தேடி நாலஞ்சு வழியிலயும் அலைஞ்சு பாத்தாச்சு, எதுல எது கெடைக்கும் எதுல நாள்தான் போகும்னு ஓரளவு புரிஞ்சுது, அதான் எழுதறேன்.

மொதல்ல ஆன்லைன். தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் தளத்துல பட்டா சிட்டா, அ-பதிவேடு (ஊர்ல ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை, யாருதுன்னு சொல்ற ரிஜிஸ்டர்), எஃப்எம்பி ஸ்கெட்ச் (நிலத்த அளந்து வரைஞ்ச புலப்படம்) மூணும் காசில்லாம வந்துரும், மாவட்டம் தாலுகா கிராமம் சர்வே நம்பர் போட்டா அஞ்சு நிமிசத்துல கையில இருக்கும், எந்த ஆபீஸ் வாசல்லயும் நிக்க வேண்டாம். வேகத்துல இதோட போட்டி போட வேற வழியே இல்ல. பாக்க வேண்டியது என்னன்னா, தடத்துக்குன்னு தனி உட்பிரிவு இருக்கான்னுதான். இருந்து அது சர்க்கார் புறம்போக்குன்னா அ-பதிவேட்டுல குறிப்பு கலத்துல வண்டிப்பாதைன்னே போட்டிருக்கும், அப்படி இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. தனி உட்பிரிவு இல்லாம பட்டா நிலத்துக்குள்ளயே ஓடற தடம்னா எஃப்எம்பில புள்ளிக்கோடு இருக்கான்னு தேடணும். இன்னொண்ணு, பரப்பு எல்லாம் ஹெக்டேர் ஏர்ஸ்லதான் இருக்கும், 0.40.50ன்னு பாத்துட்டு நாப்பது சென்ட்னு நெனைச்சு பயந்துறாதீங்க, அது ஒரு ஏக்கர். (எங்க சித்தப்பா ஒரு நாள் பூரா பயந்துட்டு உக்காந்திருந்தாரு.)

ஆனா ஆன்லைன்ல இருக்கறது இன்னைக்குள்ள நிலவரம் மட்டும்தான். எங்க ஸ்கெட்ச்ல கோடும் இல்ல புள்ளியும் இல்ல, சுத்தமா வெள்ளை. பழசு என்ன சொல்லுதுன்னு அந்தத் தளத்துக்கிட்ட கேக்க முடியாது. நம்ம ஊர்ல பாதி நிலத் தகராறு 1979ல ஆரம்பிச்சு 1987 வரைக்கும் நடந்த யூடிஆர்ங்கற நிலப் பதிவேடு புதுப்பிக்கற வேலையில வந்து முட்டும், அதுல பேரு மாறினது, அளவு கொறைஞ்சது, தடம் காணாமப் போனதுன்னு ஊருக்கு பத்து கதை இருக்கும். உங்க பிரச்சினை யூடிஆருக்கு முந்துனதுன்னா ஆன்லைன் உதவாது, நேரா கீழ வாங்க.

ரெண்டாவது பத்திர ஆபீஸ். பல பேரு இத வில்லங்கம் பாக்க மட்டும்தான்னு நெனைக்கறாங்க, என்னைக் கேட்டா தட வழக்குக்கு இதுதான் தங்கச் சுரங்கம். வில்லங்கச் சான்று பதிவுத்துறை தளத்துல பெரும்பாலான ஆபீசுக்கு 1975ல இருந்து பாக்கலாம், அதுக்கு முந்தினதுக்கு ஆபீஸ்ல மனு போட்டு கையால தேடச் சொல்லணும். அதுல பக்கத்துக்காரரோட சர்வே நம்பரப் போட்டுத் தேடுங்க, உங்களுத இல்ல, அவருத. அவரு வாங்கின பத்திரம், அவருக்கு வித்தவரு வாங்கின பத்திரம், இப்படி தாய்ப்பத்திரம் வரைக்கும் டாக்குமெண்ட் நம்பர் வருசத்தோட வந்துரும். அடுத்தவன் பத்திரம் நமக்கு எப்படிக் குடுப்பாங்கன்னு கேப்பீங்க. 1908 பதிவுச் சட்டம் 57வது பிரிவுல 1வது புத்தகத்துல ஏறின பத்திரத்த, அதாவது நிலம் வீடு சம்பந்தப்பட்டத, யார் வேணா கட்டணம் கட்டி நகல் வாங்கலாம்னு இருக்கு, நாம பார்ட்டியா இருக்கணும்னு அவசியமே இல்ல. (உயில் வேற புத்தகம், அது இப்படிக் கெடைக்காது.) நான் எடுத்தேன். அவரோட தாய்ப்பத்திரத்துல செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை எழுதின எடத்துல "தென்வடல் வண்டித்தடத்துக்கு மேற்கு"ன்னு இருக்கு, கடைசில "மாமூல் வண்டித்தட பாத்தியமும்"னு வேற. தடமே கெடையாதுன்னு சொல்றவரு கையில இருக்கற பத்திரமே தடத்தச் சொல்லுது! செலவு சில நூறு ரூபாய்தான், அதுவும் எத்தனை வருசம் தேடறோம் எத்தனை பக்கம்ங்கறத பொறுத்து மாறும்.

ஒரு குறை என்னன்னா பத்திரத்துல எழுதினவரு எழுதினதுதான் எல்லை, சர்க்கார் அளந்தது இல்ல. அதனால அதிகாரி முன்னாடி நிக்கறப்ப இது மட்டும் போதாது, சர்வே ரெக்கார்டும் கூட வேணும்.

அதுக்கு தாலுகா ஆபீஸ் போனேன். எந்த ஆபீஸ்னு வேண்டாம். நேரா போறதோட லாபம் என்னன்னா, விசயம் தெரிஞ்ச ஒருத்தரு சிக்கிட்டா எந்த ரிஜிஸ்டர்ல தேடணும்னு ரெண்டு நிமிசத்துல சொல்லிருவாரு, அத எந்தத் தளமும் சொல்லாது. விஏஓகிட்ட மொதல்ல பேசிருங்க, ஆனா அவரு மாத்தலாகி வந்த ஆளா இருப்பாரு, 1980ல ஊர்க் கணக்கும் நிர்வாகமும் பாத்த பரம்பரை கர்ணம் முன்சீப் பதவிய எடுத்ததுக்கு அப்புறம் ஊர்ல ஒவ்வொரு தடத்தோட கதையும் மனசுல வெச்சிருக்கற அதிகாரின்னு யாரும் இல்ல, (கர்ணம் இருந்த காலத்துல அவரு மனசு வெச்சாத்தான் தடம் இருக்கும்ங்கறது வேற விசயம்). கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி நகல் மனு குடுத்தேன். "ரெக்கார்டு ரூம் சாவி அவருகிட்ட இருக்கு", "அவரு எலெக்‌ஷன் டியூட்டி", "அடுத்த வாரம் வாங்க". நாலு தடவை பஸ் ஏறினேன். மனு குடுத்ததுக்கு சீல் போட்ட ரசீது கேட்டு வாங்காதது என் தப்பு, அது இல்லாததால எதுவுமே கேக்க முடியல.

ஜமாபந்தி சமயம்னா கதை வேற. பசலி வருசம் (வருவாய்த்துறையோட கணக்கு வருசம்) ஜூன் 30ல முடியும், அதுக்கு முன்னாடி மே ஜூன் வாக்குல தாலுகா ஆபீஸ்ல வருவாய்த் தீர்வாயம் நடக்கும், கிராமக் கணக்கு ரிஜிஸ்டர் எல்லாம் மூட்டையா அங்க வந்திருக்கும், பெரிய அதிகாரி ஒருத்தரு உக்காந்திருப்பாரு. நம்ம கிராமத்துக்கு எந்த நாள்னு தெரிஞ்சு போய் மனு குடுத்தா நம்பர் போட்டுக் குடுப்பாங்க. வருசத்துக்கு ஒரு தடவைதான், அது ஒண்ணுதான் கொறை.

இனி ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். செலவு பத்து ரூபா. வெள்ளத்தாள்ல எழுதி கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டுனா போதும், "பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம்"னு போடுங்க, ஆள் பேரு வேண்டாம், எதுக்குக் கேக்கறீங்கன்னு காரணமும் சொல்ல வேண்டாம். 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா முதல் மேல்முறையீடு, அப்புறம் 90 நாளுக்குள்ள ரெண்டாவதா மாநிலத் தகவல் ஆணையம். தப்பான ஆபீசுக்குப் போட்டாலும் 6(3)ன்படி அவங்களே அஞ்சு நாள்ல சரியான எடத்துக்கு அனுப்பணும். காகிதத்துல எல்லாம் ஜோரா இருக்கும், நடப்புல ரெண்டாவது மேல்முறையீடு வரைக்கும் போச்சுன்னா மாசக்கணக்கு மறந்துருங்க.

என் மொத மனு வீண். "தடத்தை அடைக்க ஏன் விட்டீர்கள், யார் பொறுப்பு"ன்னு ஆவேசமா எழுதிட்டேன், "கோரியது தகவல் வரையறைக்குள் வராது"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. கோவமா இருந்துச்சு, ஆனா அவங்க சொன்னது சட்டப்படி சரிதான், கையில இருக்கற ஆவணத்தத்தான் குடுப்பாங்க, விளக்கம் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, 2011லயே உச்ச நீதிமன்றம் இதச் சொல்லிருச்சு. அதனால ரெண்டாவது மனுல ஏன் எதுக்கு எல்லாம் தூக்கிட்டு "சர்வே எண் இன்னதுக்கு யூடிஆருக்கு முந்தைய புலப்பட நகல், பழைய அ-பதிவேட்டு நகல், மேலும் பிரிவு 2(ஜெ)யின்படி இவற்றை நேரில் பார்வையிட அனுமதி"ன்னு மூணே வரி. அந்தக் கடைசி வரிதான் சாவி. நகல் கேட்டா "ஆவணம் கிடைக்கப் பெறவில்லை"ன்னு எழுதறது சுலபம், நேர்ல பாக்கறேன்னு கேட்டா தேடித்தான் ஆகணும். எனக்கும் அந்த "கிடைக்கப் பெறவில்லை" வந்துச்சு, முதல் மேல்முறையீடு போட்டேன், அப்புறம் தேதி குடுத்துக் கூப்பிட்டாங்க. மொத ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்ல. தூசி தட்டி எடுத்த பழைய ஸ்கெட்ச்ல ரெட்டைப் புள்ளிக்கோடு தெக்கு வடக்கா அழகா ஓடுது, நாலு தடவை பஸ் ஏறி வாங்க முடியாதது அங்கயே அதே ரூம்லதான் இருந்திருக்கு. சான்றிட்ட நகல் வாங்கிட்டேன்.

அடுத்தவங்க பட்டா மாறுதல் ஃபைல் மாதிரி கேட்டா 8(1)(ஜெ), தனிப்பட்ட தகவல்னு மறுக்க வாய்ப்பு இருக்கு, 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல அந்தப் பிரிவ இன்னும் இறுக்கிட்டாங்க. அதனால ஆள் பேருல கேக்காதீங்க, சர்வே நம்பர்ல கேளுங்க.

பஞ்சாயத்துப் பக்கம் ஒண்ணு சொல்லிடறேன். அந்தத் தடத்துல எப்பவாச்சும் 100 நாள் வேலையில மண்ணு கொட்டியிருந்தா வேலையோட பேரு, மஸ்டர் ரோல் (வேலைக்கு வந்தவங்க பட்டியல்) எல்லாம் அந்தத் திட்டத்தோட நரேகா தளத்துலயே எல்லாரும் பாக்கற மாதிரி இருந்துச்சு, சர்க்கார் காசு போட்ட தடத்த இல்லைன்னு சொல்றது கஷ்டம். எஸ்டிமேட், எம்-புக் (வேலைய அளந்து எழுதற புத்தகம்) நகல் யூனியன் ஆபீசுக்கு ஆர்டிஐ போட்டுக் கேக்கலாம். கிராம சபை வருசத்துக்கு ஆறு தடவை இருக்கு, அங்க எந்திரிச்சுக் கேட்டு தீர்மான நோட்டுல ஏத்திட்டா அதுவும் ஒரு ரெக்கார்டு, ஆனா பக்கத்துக்காரரோட மச்சான்மாரு முன்வரிசைல இருந்தா வாய்ச்சண்டைதான் மிஞ்சும், எங்க ஊர்ல அதுதான் நடந்துச்சு.

திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொன்னா அன்னைக்கு ராத்திரியே ஆன்லைன்ல மூணும் எடுத்துருவேன், அடுத்த நாள் பத்திர ஆபீஸ், அதே வாரம் 2(ஜெ) போட்டு ஆர்டிஐய ஸ்பீட் போஸ்ட்ல தட்டி விட்டுட்டு ரசீத பத்திரமா வெச்சுக்குவேன். தாலுகா ஆபீசுக்கு யோசனை கேக்க மட்டும் போவேன், நகலுக்காகப் போய் நிக்கமாட்டேன்.

இப்ப சர்வேயர் அளக்க வர தேதி சொல்லியிருக்காங்க. பழைய ஸ்கெட்ச், தாய்ப்பத்திர நகல் ரெண்டையும் மூணு செட் ஜெராக்ஸ் போட்டு வெச்சிருக்கேன். ஒண்ணு சர்வேயருக்கு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு பக்கத்துக் காட்டுக்காரருக்கு.