ஸ்கோர்ஷீட், நோட்டு, ஸ்டாக்ஃபிஷ்: ஐந்து வருட அனுபவம்

டோர்னமெண்ட்டில் ஆடிய என் செஸ் ஆட்டங்களை உட்கார்ந்து அலச ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகிறது. லிச்செஸ் என்ற செஸ் இணையதளம், அதில் ஓடும், நகர்த்தல்களை எடைபோடும் ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின், ஒரு மரப் பலகை, ஒரு நோட்டு. இவ்வளவுதான் கருவிகள். முதல் இரண்டும் முழுக்க இலவசம் என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

முதல் வருடம் பெரிதாகப் பயன் இல்லை. ஆட்டத்தை ஏற்றுவேன், பெரிய தவறு என்று இன்ஜின் இரட்டைக் கேள்விக்குறி போட்ட இடங்களைப் பார்ப்பேன், ‘அட, இதைக் கவனிக்கலையே’ என்று மூடிவிடுவேன். அடுத்த போட்டியிலும் அதே தவறு வரும். எங்கே சறுக்கினேன் என்று இன்ஜின் காட்டிவிடும். அந்த நிமிடம் என் மனதில் என்ன ஓடியது என்பதை நான்தான் எழுத வேண்டும். இப்போது இன்ஜினைத் திறப்பதற்கு முன்பே அதை நோட்டில் எழுதிவிடுகிறேன்.

சென்ற வருட ஆட்டம் ஒன்று. எனக்குக் கறுப்பு. யானைகள் வெட்டுப்பட்ட பிறகு எதிராளியிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும், என்னிடம் ராஜா மட்டும். கட்டங்களின் பெயரில் சொன்னால், அவர் ராஜா டி5, சிப்பாய் இ6, என் ராஜா இ7. ஆட வேண்டியது நான். நேர் பின்னால் இ8 போனால் டிரா. அவர் டி6 வந்தால் நான் டி8. சிப்பாய் இ7 வந்து செக் வைத்தால் மறுபடி இ8. சிப்பாயைக் காக்க அவர் இ6 வந்தால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே எனக்கு நகர இடமில்லை, டிரா. நான் ஆடியது டி8. அவர் டி6 வந்து எதிரே நின்றார். நான் இ8, சிப்பாய் இ7. எனக்கு எஃப்7 ஒன்றே வழி, அவர் டி7. அடுத்து சிப்பாய் ராணியாகிவிடும்.

இந்த முடிவாட்டம் எனக்குத் தெரியாததல்ல, பயிற்சியில் பலமுறை ஆடியிருக்கிறேன். நோட்டில் இருந்த வரி: ‘யானை போனதும் டிரா என்று நிம்மதியாகிவிட்டேன்.’ நகர்த்தல்களை எழுதும் தாளான ஸ்கோர்ஷீட்டில் நகர்த்தலுக்குப் பக்கத்தில் கடிகார நேரத்தையும் குறிப்பது என் வழக்கம், சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி அதை அனுமதிக்கிறது. 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல் என்ற ஆட்டம் அது. கடைசிவரை எழுதியாக வேண்டும். அதனால் கணக்கு கையில் இருந்தது. கடிகாரத்தில் பதினொரு நிமிடம் மிச்சம், டி8-க்கு நான் எடுத்துக்கொண்டது ஆறு விநாடி.

பழைய ஸ்கோர்ஷீட்டுகளைப் புரட்டினேன். ஒன்பது ஆட்டங்களில் இதே கதை: பெரிய காய்கள் வெட்டுப்பட்டதும் அவசரமாக ஒரு நகர்த்தல், அங்கேதான் சரிவு. எந்த இன்ஜினும் எனக்கு இதைக் காட்டியதில்லை.

குறை என்றால், யார் எவ்வளவு முன்னிலை என்று நடு ஆட்டத்தில் இன்ஜின் தரும் 0.4, 0.6 மதிப்பெண்களால் என் மட்டத்தில் பயனில்லை. அந்த வித்தியாசத்தைப் பலகையில் என்னால் ஆடிக் காட்ட முடியாது. ஏழு காய்களுக்குள் வந்துவிட்டால் லிச்செஸின் டேபிள்பேஸ் (முன்பே கணக்கிட்டு வைத்த முடிவாட்டத் தரவு) திட்டவட்டமாக முடிவைச் சொல்லும், அதை முழுசாக நம்பலாம். தொடக்க ஆட்டத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழிப்பதில்லை.

தோற்ற இரவில் நோட்டைத் திறக்க இன்னும் மனசு வருவதில்லை. ஒருநாள் தள்ளிப்போட்டால் என்ன நினைத்து ஆடினேன் என்பதே மறந்துபோகிறது. அதனால் ஹாலை விட்டு வெளியே வந்ததும், யாரிடமும் பேசுவதற்கு முன், ஸ்கோர்ஷீட் நகலின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதிவிடுகிறேன்.