படுக்கையா, ஓ.பி. வரிசையா, ஒரு போன் அழைப்பா?

தற்கொலை எண்ணம் சொல்பவரை எங்கே காட்டுவது என்று பெங்களூரு ஈஜிபுரா பக்கம் நம்மவர்கள் கேட்டால், அடுத்த கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு படுக்கை வாடகையோடு நின்றுவிடுகிறது.

முயற்சி செய்துவிட்டவர், தனியே விட முடியாதவர் என்றால் கணக்கே வேண்டாம், பக்கத்து மருத்துவமனைக்கு ஓடுங்கள். போலீஸ் கேஸ் பயமும் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், அவரைத் தண்டிக்காமல் கவனிக்கத்தான் சொல்கிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்வதும் அதே சட்டம்தான்.

அவசரம் தணிந்த பிறகுதான் ஒப்பீடு. தனியாரில் காத்திருப்பு குறைவு, பில் பெரிது. ஓசூர் ரோட்டில் உள்ள அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் கட்டணம் குறைவு. ஆனால் தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு ஓ.பி.யும் கூட வருபவரோடு சேர்த்து இரண்டு பேர் சம்பளம். மருந்து விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மனநிலை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ நோய்க்குத் தரும் லித்தியம் தற்கொலை ஆபத்தைக் குறைக்கும் பழைய, மலிவான மாத்திரை. அதோடு வரும் ரத்தப் பரிசோதனையும் அலைச்சலும்தான் செலவு. இருந்தாலும் நீண்டகால சிகிச்சைக்கு என் ஓட்டு நிம்ஹான்ஸுக்கே.

மூன்றாவதான போன் அழைப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. என் உறவுக்காரப் பையனை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பணம் கட்டி வெளியே வந்த பிறகு அங்கிருந்து ஒரு போன் வரவில்லை. டிஸ்சார்ஜான அடுத்த சில வாரங்கள்தான் ஆபத்து மிகுந்தவை! சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் நகரங்களில், முயற்சிக்குப் பின் மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு, அவ்வளவே. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்தனர், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2.

2022இல் தொடங்கிய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் (14416) இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். ஆனால் நாம் கூப்பிட வேண்டும். அந்த ஆய்வில் விசாரிப்பவர்களே தேடி வந்தார்கள். அதனால் எங்கே பணம் கட்டினாலும் "டிஸ்சார்ஜுக்கு அப்புறம் யார் போன் செய்வீர்கள், எந்தத் தேதியில்?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த வேலையை அத்தை எடுத்துக்கொண்டார். பயிற்சி பெற்றவருக்கு அவர் ஈடில்லைதான். செவ்வாயும் வெள்ளியும் இரவு எட்டு மணிக்குப் போன். அவன் எடுக்காவிட்டால் மாமா பைக்கை எடுக்க வேண்டும்.