ஒரு வரியை மாற்றச் சொன்னால் ஃபங்ஷனையே விழுங்கும் ஏஐ எடிட்டர்

ஏஐ உதவியாளரோடு வரும் கோட் எடிட்டருக்கு வருடச் சந்தா கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். பெயர் சொல்லப் போவதில்லை. இதே பாணியில் ஃபைலைத் திருத்தும் எடிட்டர்கள் நிறைய இருக்கின்றன.

பிஹெச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய பில்லிங் மென்பொருள். வரித்தொகையை ரவுண்ட் செய்யும் ஒரு வரியை மட்டும் மாற்றச் சொல்லி எடிட்டரிடம் கேட்டேன். ‘மாற்றியாகிவிட்டது, வேறு எதையும் தொடவில்லை’ என்றது. அந்த வரி என்னவோ சரியாகத்தான் மாறியிருந்தது. ஆனால் அதற்குக் கீழே, வெளிமாநில பில்லுக்கு ஐஜிஎஸ்டி கணக்கிடும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் கோட் தொகுதி) இருந்த இடத்தில் ‘மீதிக் கோட் முன்பு போலவே’ என்ற கமெண்ட், அதாவது கோடாக ஓடாத வெறும் குறிப்பு, மட்டும் இருந்தது. பிஹெச்பியில் இல்லாத ஃபங்ஷனை அழைத்தால், அந்த வரி ஓடும்போதுதான் பிழை தெரியும். எழுத்திலக்கணத்தை மட்டும் பார்க்கும் சின்டாக்ஸ் சோதனை இதைப் பிடிக்காது. டெஸ்ட் சர்வரில் வெளிமாநில பில் போட்டதும் மாட்டியது.

ஏன் இப்படி ஆகிறது? எடிட்டருக்குப் பின்னால் இருக்கும் ஏஐ மாடல் நேரடியாக ஃபைலைத் தொடுவதில்லை. அது எழுத்தைத்தான் கக்கும். அதை ஃபைலில் சேர்ப்பது எடிட்டரின் வேலை. முழு ஃபைலையும் திரும்ப எழுத வைக்கலாம், ஆனால் நேரமும் காசும் கரையும். மேலும், வாசிக்கும் அளவுக்கு மாடலால் எழுத முடியாது. உதாரணத்துக்கு, 2023-இல் வந்த ஓபன்ஏஐயின் ஜிபிடி-4 டர்போ மாடல் 1,28,000 டோக்கன் (மாடல் எழுத்தைப் பிரிக்கும் சிறு துண்டு) வரை வாங்கிக்கொண்டது. ஒரு பதிலில் அதிகபட்சம் 4,096 தான் தந்தது. கோடை முழுசாக எழுதாமல் நழுவுகிறது என்று 2023 கடைசியில் அதன்மேல் புகார்கள் குவிந்து, 2024 ஜனவரியில் ஓபன்ஏஐ அதைக் குறைக்கவே புதுப் பதிப்பு விட்டது.

இன்னொரு வழி, பழைய வரிகளை அப்படியே காட்டி ‘இதை எடுத்துவிட்டு இதை வை’ என்பது. கண்டிப்பாகப் பொருத்தும் எடிட்டரென்றால் ஒரு ஸ்பேஸ் மாறினாலும் திருத்தம் விழாது. எரிச்சல்தான், ஆனால் தவறு நடந்தது உடனே தெரியும். நான் காசு கொடுத்த எடிட்டர் மூன்றாம் ரகம்: பெரிய மாடல் மாறிய துண்டை மட்டும் எழுதி, மீதிக்கு ஒரு கமெண்ட் போடும், சின்ன மாடல் ஒன்று அதை ஃபைலோடு ஒட்டும். ஒட்டுகிறவர் அந்த கமெண்ட்டையே கோடாக எடுத்துக்கொண்டால் யாரைக் கேட்பது? ‘முடிந்தது’ என்று சொல்லும் பெரிய மாடல் ஒட்டிய ஃபைலைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

அடுத்து நடந்ததுதான் ஆபத்து. பிழைச் செய்தியைக் காட்டியதும், காணாமல் போன ஃபங்ஷனைத் தானாகவே புதிதாக எழுதிக் கொடுத்தது. பழையதை மீட்கவில்லை, ஊகித்து எழுதியது. எல்லாப் பொருளுக்கும் 18%. 5% வரி உள்ள பொருளுக்கும் அதேதான். பிழைச் செய்தி நின்றுவிட்டது, கணக்குத்தான் தப்பு. கோடின் பழைய பதிப்புகளைக் காத்துவைக்கும் கிட் மென்பொருளில் முந்தைய கமிட் (சேமித்த பதிப்பு) இருந்ததால் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

எடிட்டர் நிறுவனத்தின் ஆதரவுக் குழுவுக்கு டிஃப்பை, அதாவது எந்த வரிகள் மாறின என்று காட்டும் பட்டியலை, அனுப்பினேன். ‘மாடலின் வெளியீட்டைச் சரிபார்ப்பது பயனரின் பொறுப்பு’ என்று பதில். சரி, ஒட்டும் வேலை உங்களுடையதாயிற்றே என்று கேட்டேன், டிக்கெட்டை மூடிவிட்டார்கள். அதற்குச் செலவான கிரெடிட்டும் திரும்பவில்லை.

இலவசக் காலத்திலேயே ஆயிரம் வரிக்கு மேல் உள்ள ஃபைலில் ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள். கேட்பதற்கு முன் கமிட், முடிந்ததும் கிட் டிஃப். ஒரு வரிக் கோரிக்கைக்கு நாற்பது வரி அழிந்ததாகக் காட்டினால் கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள். திருத்தங்களை உங்களைக் கேட்காமல் தானாக ஏற்கும் வசதி இருந்தால் அதை முதலில் அணைத்துவிடுங்கள். எனக்கு வந்த எடிட்டரில் அது முன்கூட்டியே ஆன் செய்யப்பட்டிருந்தது.